கிழிசல்

நுரை எங்கேயும் பொங்கவில்லை.

அவள் இன்னொரு தடவை சோப்புத் தண்ணீரைத் தடவினாள். படகின் மூக்கிலிருந்து பின்பக்கம் வரை. பிறகு மறுபக்கம். ரப்பர் விம்மிக்கொண்டு கிடந்தது.

ஒரு குமிழிகூட வரவில்லை.

"கிழிசலே இல்லைக்கா," என்றார் செபாஸ்டின். ஃபைபர் வேலைக்குக் காசிமேட்டிலிருந்து வந்தவர். "காலையில அடிச்ச காத்து. கல்லு மாதிரி நிக்குது பாருங்க. ஒட்டுப் போடுற வேலை மிச்சம்."

மனிதருக்குச் சந்தோஷம். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

போன வெள்ளத்தில் இந்தப் படகில் போனவர்கள் இரண்டு பேர். அவள் புருஷனும், அவள் தம்பி யுவராஜும். பின்தெருவில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பால் பாக்கெட் கொடுக்கப் போனார்கள்.

புருஷன் மட்டும் திரும்பி வந்தான். இடுப்பளவு தண்ணீரில், படகைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு.

கேட் கம்பி கிழித்துவிட்டது என்றான். படகு அமுங்கிவிட்டது, யுவராஜை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றான். தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

கிழிசலை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத் தோன்றுகிற நேரமா அது?

காலனி சங்கத்தில் அவனே எழுந்து பேசினான். ரப்பரை நம்பியது போதும், இதற்கு மேலேயே ஃபைபர் போட்டுக் கெட்டிப் படகாக்கிவிடலாம் என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும்தான்.

பூசிவிட்டால் எல்லாம் மூடிவிடும் என்று நினைத்திருப்பான். காற்றடித்து விறைப்பாக்கினால்தான் ரப்பர் மேல் ஃபைபர் உட்காரும் என்று அவனுக்கு எங்கே தெரியும்?

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் வாய் கிடக்குமே, மனசு அப்படிக் கிடந்தது.

செபாஸ்டின் ரெசின் பசையில், அதை இறுக வைக்கும் ஹார்டனரை ஊற்றிக் கலக்கினார். தகர டப்பாவை அவளிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பிடிங்கக்கா. ஃபைபர் பாயை வெட்டிப் போட்டுடறேன். இது சீக்கிரம் சூடேறி இறுகிடும்."

பிடித்துக்கொண்டாள்.

ஃபைபர் பாய் அவர் கத்தரிக்கு மசியவில்லை. வேறு கத்தரி எடுக்க வண்டிக்குப் போனார்.

டீ வாங்கப் போயிருந்த புருஷன் வந்தான்.

விறைத்து நின்ற படகைப் பார்த்தான். அதன் மேல் காய்ந்துகொண்டிருந்த சோப்பைப் பார்த்தான்.

டீ பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

டப்பாவிலிருந்து புகை கிளம்பியது.

"ஐயோ, ரெசின் சூடேறிடுச்சு! கீழ வைங்கக்கா!" வண்டியடியிலிருந்தே செபாஸ்டின் கத்தினார்.

அவளுடைய இரண்டு கைகளும் டப்பாவைச் சுற்றியே இருந்தன. சூடு அவளுக்கு உறைக்கவில்லை.

புருஷன் பதறி ஓடிவந்து டப்பாவைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"இப்படித்தான் விட்டீங்களா அவனை?"