கழிவோடைக்குக் கீழே ஒரு கூண்டு

கூண்டைத் தூக்கினாள்.

வலைக்கண்களில் நீர் வடிந்தது. உள்ளே கூனி இறால்கள் துள்ளின. விரல் நகம் அளவுகூட இல்லை. கண்ணாடி போன்ற உடம்பு.

எல்லாம் உயிரோடு இருந்தன.

போன வாரமும் அப்படித்தான். அதற்கு முந்தைய வாரமும்.

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்ப முடியவில்லை. மேலே கூப்பிடு தூரத்தில்தான் ஆலைக் கழிவோடை ஆற்றில் கலந்தது. தண்ணீர் கெட்டால் முதலில் சாவது கூனிகள்தான். அதற்காகவே வாரம் ஒருமுறை புதிதாகக் கொண்டுவந்து அடைப்பாள். அடுத்த வாரம் வந்து பார்ப்பாள்.

பிழைத்திருக்கின்றன என்று குடிநீர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள்.

அலுவலகம் நம்பியது. கீழே ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் உறைகிணற்றில் தொங்கிய 'குடிக்க உகந்ததல்ல' பலகையைக் கழற்றினார்கள். ஊருக்குக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது.

அதற்கடுத்த முறை ஒரு நாள் முன்னதாகவே வந்தாள். மறுநாள் தம்பிக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும்.

கூண்டுக்குப் பக்கத்தில் செல்லக்கனி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். துணி துவைக்க வருகிறவள். பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

கூண்டு திறந்திருந்தது. முந்தானையில் ஏந்தியிருந்ததைச் செல்லக்கனி உள்ளே உதறினாள்.

கூனிகள். துள்ளிக்கொண்டிருந்தன.

அவளைக் கண்டு செல்லக்கனி எதையும் ஒளிக்கவில்லை.

"ஒண்ணு விடாம செத்துக் கெடந்துச்சு, தாயி. நீ கஷ்டப்பட்டு வளக்க. ஆபீஸ்ல ஒன்ன ஏசுவாவல்லா. அதான் ஓடைக்கு மேல பாறையடியிலருந்து கோரிக் கொண்டாந்தேன்."

எத்தனை வாரமாக என்று கேட்டாள்.

ஆரம்பத்திலிருந்தே என்றாள் செல்லக்கனி.

கோபம் வரவில்லை. கூண்டு எதற்கு என்று அவள் இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சொன்னாள்.

செல்லக்கனி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனைக் கேட்டாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, மருமகளின் எண்ணைச் சொல்லிப் போடச் சொன்னாள்.

"குழாத் தண்ணியப் பிள்ளைக்குக் குடுக்காத. இருக்கதக் கீழ ஊத்து."

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்து அவள் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். குழாயை அடைக்கச் சொன்னாள். செத்ததை நீ பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை. பார்த்துவிட்டுச் சொல், அப்புறம் அடைக்கலாம் என்றார்கள்.

செல்லக்கனி போட்டவற்றை அவள் எடுத்து ஒரு வாளியில் விட்டாள். தான் கொண்டுவந்த கூனிகளைக் கூண்டில் அடைத்தாள். கரையில் உட்கார்ந்தாள்.

செல்லக்கனியும் போகவில்லை. துவைக்காத துணிகள் மூட்டையாகவே கிடந்தன.

வெயில் ஏறியது. இறங்கியது.

கூனி ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. செல்லக்கனியின் கை தண்ணீருக்குள் போனது. பாதியில் நின்றது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்னொன்று சாய்ந்தது. பிறகு வரிசையாக.

அவள் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

இருட்டுவதற்குள் போன் வந்தது. குழாயை அடைத்துவிட்டார்கள். பலகையைத் திரும்ப மாட்ட ஆள் போயிருக்கிறது.

அவள் எழவில்லை. தன் கையெழுத்தோடு போன தாள்களை நினைத்துக்கொண்டிருந்தாள். அவை சொன்னதை நம்பிக் குடித்தவர்களையும்.

கூண்டில் இரண்டு மூன்று இன்னும் அசைந்தன.

"மிச்சத்த எடுத்துரலாமா, தாயி?"

அவள் குனிந்து மூடியைத் திறந்தாள்.