வடக்கே பார்த்த கைகள்

சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டப் பள்ளி. காலை வெயில் ரப்பர் இலைகளினூடே சிந்துகிறது. நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் உத்தரவுப்படி, அவன் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே குனிந்து முடித்த பிள்ளைகள், தகப்பன்மாரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போன வடக்குத் திசைக்குத் திரும்பிக் கைகூப்புகிறார்கள். நெற்றிகளில் அடுப்புச் சாம்பல்தான் திருநீறு. வாசலில் எலும்பும் தோலுமாக இருளப்பன் நிற்கிறார். சயாமிலிருந்து நேற்றுத்தான் வந்து சேர்ந்தார். அவர் மகள் பேச்சியும் வடக்கேதான் திரும்புகிறாள். “அப்பாதான் வந்திட்டாரே, பிள்ளை. சாமிக்கு நன்றி சொன்னாப் போதும்,” என்கிறார் ஆசிரியர் செல்வரத்தினம். “அத எந்திரிச்ச ஒடனே சொல்லிட்டேன் சார்.” பக்கத்தில் நிற்கும் ராக்காயியைப் பார்க்கிறாள். “இவ அப்பா இன்னும் வரலயே.” இருளப்பன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வரிசையின் கடைசியில் வந்து நின்று, வடக்கே பார்த்துக் கைகூப்புகிறார்.