முன்வரிசைத் தூக்கம்

பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் அந்தப் பெண் தூங்கிவிட்டாள்.

இது பதினோராவது ஞாயிறு. சபைச் செயலாளர் எண்ணிக்கொண்டுதான் வந்தார்.

நாற்பதைத் தாண்டியவள். சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. ஊரார் தூங்க விரிப்பை மடித்துக் கொடுத்துவிட்டு, தன் தூக்கத்தை மட்டும் இங்கே தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று பாடகர் குழுவில் ஒரே சிரிப்பு.

ஜன்னல் வெயில் அவள் மடியில் இறங்கி, மெல்ல நகர்ந்து, தோளில் ஏறும். அவள் அசைய மாட்டாள்.

சபையில் இன்னொரு முணுமுணுப்பும் உண்டு. பாஸ்டரின் குரல். முன்பெல்லாம் கண்ணாடி அதிரும். இப்போது காதுக்குள் ரகசியம் சொல்வதுபோல் ஆகிவிட்டது. மனுஷனுக்கு ஓய்வு கொடுத்துவிடலாமா என்று கமிட்டி பேச ஆரம்பித்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் வழக்கம்போல மணிக்கயிற்றை இழுத்து மணியடித்தார். நேரே அவள் எதிரில் போய் நின்றார்.

துள்ளி விழித்தவள் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டாள்.

“தூங்கலை, நான் தூங்கலை...”

செயலாளருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. “ஏம்மா, வேற எங்கயாவது தூங்கக் கூடாதா?”

“வேற எங்கயும் தூக்கம் வரலைங்கய்யா.”

தயங்கித் தயங்கிச் சொன்னாள். சின்ன வயதில், அப்பா வரும்போது அவள் தூங்கியிருந்தால் அடி விழும். அம்மா பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இருவரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் காது மட்டும் இன்னும் அந்தக் காலடிக்குக் காத்திருக்கிறது.

“முதல் நாள் பாஸ்டர் ‘பிதாவே’ன்னு ஆரம்பிச்சதும் எழுந்து ஓடிடலாம்னு பார்த்தேன். அந்த வார்த்தையே எனக்கு ஆகாது. இப்ப அதைக் கேட்டாத்தான், யாரோ முதுகுல தட்டிக்கொடுக்கிற மாதிரி கண்ணு சொக்குது. வரக் கூடாதுன்னா சொல்லிடுங்க.”

செயலாளர் பாஸ்டரின் அறைக்குப் போனார்.

“ரெண்டு புகார், பாஸ்டர். ஒண்ணு அந்தம்மாவோட தூக்கம். இன்னொண்ணு உங்க குரல்.”

பாஸ்டர் அங்கியை மடித்துக்கொண்டே சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுதான். ஒரு நாள் சத்தம் போட்டேன். அவ தலையை மறைச்சுக்கிட்டா. அன்னையிலிருந்து சத்தத்தைக் குறைச்சுட்டேன். புயல்லயும் படகுல தூங்கின இயேசுவைத்தானே கும்பிடறோம், அவர் வீட்டுல ஒருத்தி தூங்கக் கூடாதா?”

“கமிட்டி உங்களை அனுப்பிடும்.”

“அனுப்பட்டும். அதுக்குள்ள இன்னும் நாலு ஞாயிறு தூங்கிடுவா.”

அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பிரசங்கம் கேட்காதவர்கள் முன்னால் வந்து உட்காரலாம். கீழே செயலாளர் கையெழுத்து.

ஆராதனை முடிந்தது. மணி அடிக்கவில்லை.

“மணியடிக்கவே மறந்துட்டாரு. பாஸ்டரை விடுங்க, முதல்ல செயலாளரை மாத்தணும்” என்றபடி கமிட்டிக்காரர்கள் படியிறங்கினார்கள்.

செயலாளர் காதில் அது விழுந்தது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்வரிசையை ஓசைப்படாமல் தாண்டிப் போய், மணிக்கயிற்றை யார் கைக்கும் எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.