பனி டப்பா

"என் பனியில சர்க்கரையைக் கலந்தது நீதானே?"

கணவன் போட்ட கூச்சலில் அவள் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

மாதக்கணக்கில் அவன் இழைத்து இழைத்துச் செய்த குட்டிப் போர்க்களம் மேசைமேல் இருந்தது. நேற்றுதான் அதன்மேல் டப்பாவிலிருந்த வெள்ளைப் பனித்தூளைத் தூவி முடித்திருந்தான். இன்று பீரங்கி, பதுங்குகுழி, விரல் நுனி அளவு சிப்பாய்கள் என்று எல்லாவற்றின் மேலும் எறும்புப் படை.

"உங்க பொம்மைச் சண்டைக்குள்ள நான் எதுக்கு வரேன்?"

"பழி வாங்குற! உன் சமையலாலதான் அப்பாவுக்குச் சர்க்கரை குறைய மாட்டேங்குதுன்னு சொன்னேன்ல, அந்தக் கடுப்பு!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமாவுக்குன்னு மூணு வேளையும் தனியா வடிச்சுக் கொட்டுறேன். எனக்கு இந்தப் பேரா? உங்க டப்பாவை இந்த வீட்டுல யாரு தொடுவா?"

'பனித்தூள். யாரும் தொடக் கூடாது' என்று அவனே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய டப்பா.

"தொலையட்டும் சனியன்!" அதை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிக்கு நடந்தாள்.

அதுவரை செய்தித்தாளுக்குப் பின்னால் முகம் புதைத்திருந்த மாமனார் பதறி எழுந்தார்.

"அய்யய்யோ, கொட்டிடாதம்மா! இன்னும் ஒரு வாரத்துக்கு வரும்!"