பீடத்துப் பூ

ஹெப்சி ஸ்கூட்டரை நிறுத்தி, "அப்பா, மாத்திரை பையில இருக்கு, மறந்துடாதீங்க" என்று செல்வின் துரையை இறக்கிவிட்டுப் போனாள்.

அடையாறு சபைக்கு வந்து இரண்டே வாரமான ஆயர் கிதியோன், பெரியவர் நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தார். 'ஞாயிறு பீடத்துப் பூ எங்கள் வீட்டிலிருந்து. மகளைத் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.'

"நல்லதுய்யா. ஆனா நீங்க கேட்டபடி விவாகரத்தான உங்க மகளை ஞாயிறு பள்ளி டீச்சராப் போட எனக்கு மனசு வரலை."

"காலம் மாறிடுச்சே, ஆயரே."

"அதுக்காக வேதத்தை வளைக்க முடியுமா? 'தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்.'"

"ஒடுக்கப்பட்டவங்களை ஆதரின்னும் அதே வேதம்தான் சொல்லுது. ரெண்டு வருஷம் அடி வாங்கின பிள்ளை அது."

"பெத்த பாசம் பேசுது. புருஷன் வீட்லயும் ஒரு வார்த்தை கேக்கணும் இல்லையா?"

பெரியவர் சிரித்துவிட்டார். "கேளுங்க. நான்தான் புருஷன் வீடு."

ஆயர் நிமிர்ந்து பார்த்தார்.

"அடிச்சவன் என் மகன். கோர்ட்டுல அவனுக்கு எதிரா சாட்சி சொன்னவன் நான். பிரிச்ச மனுஷன் நான்தான், பாவம்னா அது என் தலைமேல இருக்கட்டும். தீர்ப்பு வந்த அன்னைக்கு, 'தாய் வீட்டுக்குப் போம்மா'ன்னேன். 'உங்களைத் தனியா விட்டுட்டா?'ன்னு கேட்டா. ஆறு வருஷமா என்கூடத்தான் இருக்கா."

ஆயர் அந்தச் சீட்டை மறுபடி எடுத்து, நிதானமாகப் படித்தார்.

"ஞாயித்துக்கிழமை இதை நானே வாசிக்கிறேன். பூவை ஹெப்சி டீச்சரோட வகுப்புப் பிள்ளைங்க கொண்டுவந்து வைக்கட்டும்."