அபூ நஸீம்னு கூப்பிடாதே!

"இனிமே எவனாவது என்னை என் புள்ளை பேரை வச்சுக் கூப்பிட்டா பல்லைத் தட்டிடுவேன்!"

முனீர் படிக்கட்டுல நின்னு கத்தின கத்துல கட்டடமே அதிர்ந்து போச்சு.

எங்க பெய்ரூட்ல மூத்த புள்ளை பேரை வச்சுத்தான் அப்பனைக் கூப்பிடுவோம். அபூ நஸீம்னா நஸீமோட அப்பா, உம் தாரிக்னா தாரிக்கோட அம்மா. அப்பன் அந்தப் பேரே வேணாம்னா புள்ளையே வேணாம்னு அர்த்தம்.

"அப்போ என்னன்னு கூப்பிடறதாம்?" கீழ்வீட்டு உம் தாரிக் கதவைத் திறந்துக்கிட்டு கேட்டாங்க.

"முனீர்னு கூப்பிடு. எங்கம்மா வச்ச பேரு!"

"உங்கம்மாவுக்கே அது மறந்து போயிருக்குமே!"

மேல கதவு படார்னு சாத்திக்கிச்சு.

"கனடா போன பையன் அங்க எவளோ வெள்ளைக்காரியைக் கட்டிக்கிட்டான் போல"ன்னு உம் தாரிக் ஆரம்பிச்சாங்க. சாயங்காலத்துக்குள்ள அந்த வெள்ளைக்காரிக்கு ரெண்டு குழந்தையும் பிறந்தாச்சு.

"பெத்த புள்ளையைத் தலைமுழுகிட்டாரே, கல்நெஞ்சக்காரர்!" தெருவே பேசிச்சு.

போன வாரம் நஸீமோட சிநேகிதன் பஷார் கனடாவுல இருந்து லீவுல வந்தான். விஷயம் தெரியாம நேரா முனீர் வீட்டுக் கதவைத் தட்டினான். சண்டை பார்க்க உம் தாரிக் படியேறினாங்க. அவங்க பின்னாடி நான்.

கதவு திறந்துச்சு.

"அபூ நஸீம்! எப்படி இருக்கீங்க? பையன் உங்களை..."

"வாயை மூடுடா!"

அதுக்குள்ள, சோபாவுல படுத்திருந்த நஸீமோட நாய் பொந்தோக் துள்ளி வாசலுக்கு ஓடி வந்துச்சு. பஷாரை மோந்துச்சு. அவனுக்குப் பின்னாடி எட்டிப் பார்த்துச்சு. படிக்கட்டைப் பார்த்துச்சு. அப்படியே கால் மடங்கித் தொப்புன்னு விழுந்துச்சு.

முனீர் தரையில உக்காந்து அதோட நெஞ்சுல கை வச்சாரு. "துடிடா செல்லம்... துடி..."

கொஞ்சம் பொறுத்து வால் அசைஞ்சுச்சு.

"இதயத்துக்குள்ள போற கரண்ட் பாதியில நின்னுடுதாம்," முனீர் கிசுகிசுத்தாரு. "பரபரப்பானா மயக்கம் வந்துடுது. ஒரு நாள் எழுந்திரிக்காமலே போயிடலாம்னாரு டாக்டர். பேஸ்மேக்கர் வெளிநாட்டுல இருந்து வரணும். இது என்னடான்னா, அந்தப் பேரைக் கேட்டாலே அவன் வந்துட்டான்னு ஓடுது."

"இதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?" உம் தாரிக் மெதுவாக் கேட்டாங்க.

"உன்கிட்ட சொன்னா கனடாவுக்கே கேக்கும். அங்க தங்குறதுக்கான பேப்பர் கைக்கு வர்றதுக்குள்ள அவன் நாயைப் பார்க்க ஓடி வந்துடுவான். அப்புறம் திரும்ப உள்ள விடுவாங்களா?"

நாயைத் தூக்கிப் படுக்க வச்சாரு. கதவைச் சத்தமில்லாம சாத்தினாரு. பஷார் கையைப் பிடிச்சுத் தரதரன்னு படி இறக்கி, தெருமுனையில ஜெனரேட்டர் இரையுற இடம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனாரு. சண்டைதான்னு நாங்களும் பின்னாடியே ஓடினோம்.

முனீர் மூச்சு வாங்க நின்னாரு.

"இங்க அதுக்குக் கேக்காது. வாசல்ல என்னை என்னன்னுடா கூப்பிட்டே? இன்னொரு தடவை கூப்பிடு..."