கிளி, மாம்பழம், ரயில், நிலா

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவன் எழவில்லை.

திரையில் நான்கு வரிகள். முதல் வரி பச்சை. மற்ற மூன்றும் சிவப்பு.

"அண்ணே, இது இன்னைக்கு மட்டுமில்ல," என்றான் பிரவுசிங் சென்டர்க்காரன், பழைய பக்கங்களைத் தள்ளிக்கொண்டே. "ஒவ்வொரு தடவையும் மூணு தள்ளுபடி ஆகியிருக்கு. ஒரே கணக்கையே நாலு கம்ப்யூட்டர் பெட்டியிலயும் போட்டிருக்கீங்க."

அவன் பென்டிரைவை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டான்.

மேலே எஸ்டேட்டில் இன்டர்நெட் கிடையாது. ஆபீஸில் கழித்துப்போட்ட, ஒரே மாதிரியான நான்கு கம்ப்யூட்டர்களை அவன் கெஞ்சி வாங்கி வந்தது மகள் முத்தரசிக்காக. தசை கரைகிற நோய் அவளுக்கு. மருந்து இல்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் டாக்டர். தேடுகிறவர்கள் மலைபோன்ற ஒரு கணக்கைத் துண்டு போட்டு, உலகமெங்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் நம் வீட்டுப் பொரி.

ஞாயிறுதோறும் மலையிறங்கி ஒரு துண்டை பென்டிரைவில் வாங்கி வருவான். நான்கு பெட்டிகளிலும் ஏற்றுவான். முடிந்த விடைகளை அடுத்த ஞாயிறு கொண்டுபோய் அனுப்புவான். போய்விட்டது என்று திரை சொன்னதும் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவான். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

பெட்டிக்கு ஒரு துண்டாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

மூன்று பெட்டிகள் அரைத்த மாவையே அரைத்திருக்கின்றன. அவள் மூச்சுக்குத் தவித்த நாட்களிலும்.

பெட்டிகளுக்குப் பெயர் வைத்தவள் முத்தரசிதான். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர். கிளி, மாம்பழம், ரயில், நிலா. கட்டிலை அவற்றுக்கு எதிரே போடச் சொன்னாள். கணக்கு எவ்வளவு முடிந்தது என்று திரையில் ஏறும் எண்ணை வைத்து, எது முந்துகிறது என்று பார்ப்பதுதான் அவளுக்கு நாளெல்லாம் வேலை.

"அப்பா, நாலும் ஒரே நம்பர்லயே போகுது. எதுவுமே ஜெயிக்க மாட்டேங்குது."

"நாலும் உனக்காக ஓடுதுல்ல. அதான் கைகோத்துக்கிட்டுப் போகுது."

சொல்லிவிட்டுச் சிரித்தான், பாவி.

அவள் சிரிக்கவில்லை. மறுநாளும் கேட்டாள்.

சாரல் தொடங்கியபோது போய்ச் சேர்ந்தாள்.

பெட்டிகளை அணைக்கப் போனவனைத் தடுத்தது அவன் மனைவி மாரிச்செல்வி. ஓடட்டும், இன்னொருத்தி பெத்த பிள்ளைக்காவது ஆகட்டும் என்றாள். அன்றிலிருந்து தினமும் அவற்றைத் துடைக்கிறாள். கரண்ட் போய் வந்தால் முதல் ஆளாய் ஓடிப்போய் எழுப்பிவிடுகிறாள்.

பிரவுசிங் சென்டரில் அவன் இன்று நான்கு வேறு வேறு துண்டுகள் கேட்டு வாங்கினான். பஸ் போய்விட்டிருந்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போகும் லாரியில் தொற்றிக்கொண்டு வீடு வந்தான்.

"நாலும் போயிருச்சா?" என்றாள் மாரிச்செல்வி.

ஆமென்று தலையை ஆட்டினான். வேறென்ன செய்வான். சாப்பிடக்கூட உட்காராமல் பெட்டிக்கு ஒன்றாக ஏற்றிவிட்டுப் படுத்தான்.

காலையில் பெட்டிகளைத் துடைக்கத் துணியோடு போனாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்," என்றாள் சற்றுக் கழித்து. "ரயில் முந்திருச்சு."

அவன் அடுப்படியில் நின்றிருந்தான்.

"நிலா கடைசியில கெடக்கு. பாப்பா இருந்திருந்தா கைதட்டியிருக்கும், இல்லங்க?"

குழாயைத் திறந்துவிட்டு, அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.